ஐந்து சுற்று

வேலணைச் சந்தையில் மீன்காரர் என்ன விலை சொன்னாலும் கனகசபாபதி பாதிக்குத்தான் கேட்பார். அன்று அவருடைய பழைய காரின் தானாக மாறும் ஓட்டோ கியர் பிடிக்காமல் வழுக்கியது. நிறைமாத மகள் துஷாந்தியை மறுநாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மெக்கானிக் சயந்தன் வீட்டுக்கே வந்து, காருக்கு அடியில் படுத்து, கியர்ப் பெட்டிக்குள் கியரைப் பிடித்துவைக்கும் பட்டியின் திருகாணியை முழுதாக இறுக்கினான். பிறகு தளர்த்தத் தொடங்கினான். கனகசபாபதி குனிந்து, ஐந்தாவது வரை ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார்.

“இறுக்கினதை ஏன் தம்பி கழட்டுறீர்?”

“அஞ்சு சுத்துத் தளர்த்த வேணும் ஐயா. இல்லாட்டிப் பட்டி எரிஞ்சுபோம்.”

“அடுத்த மாதமும் உம்மைக் கூப்பிட வைக்கிற தளர்வோ? பாதியைத் திருப்பி இறுக்கும்.”

“அது ஏலாது ஐயா.”

“அப்ப ஸ்பானரைத் தாரும், நான் இறுக்கிறன்.”

சயந்தன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டரைச் சுற்றை இறுக்கினான். கனகசபாபதி வென்ற நடையோடு உள்ளே போனார்.

வாசல் படலையடியில் துஷாந்தி கலங்கி நின்றாள். “அண்ணை, அப்பா பாதியைக் குறைச்சுப்போட்டாரே. நாளைக்கு யாழ்ப்பாணம் போற பாலத்தில கார் நிண்டிடாதோ?”

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. சரியான அளவே ரெண்டரைதான். ஐயாவுக்கெண்டுதான் அஞ்சு சொன்னனான்.”