மிஞ்சிப்போன போல்ட்

"இந்தத் தடவையும் ஒண்ணு மிஞ்சிடுச்சு!"

கார் ஷெட்டிலிருந்து கணவன் போட்ட கூச்சலில் மனைவி காபியோடு ஓடினாள். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மூன்றாவது முறையாகப் பூட்டி முடித்திருந்தான். கழற்றிய போல்ட்டுகளைப் போட்டுவைத்திருந்த தட்டில் ஒரே ஒரு போல்ட் அனாதையாகக் கிடந்தது.

"எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன். இப்படியே ஓட்டினா இன்ஜின் சிதறிடும். மறுபடியும் பிரிக்கணும்."

"பிரிங்க. இப்ப என்ன அவசரம்?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற எவளா இருந்தாலும் காரோட என்னையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பா. நீ தங்கம்டி! இது மட்டும் ஓடட்டும், அடுத்த நாளே உன் வாஷிங் மெஷினைப் பிரிச்சுப் புதுசாக்கித் தர்றேன். ஃபிரிட்ஜையும் விடமாட்டேன்!"

"அதையெல்லாம் மெதுவா பார்த்துக்கலாங்க."

வீட்டுக்குள் வந்தவள், சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை வாஞ்சையோடு தடவிக் கொடுத்தாள். பிறகு பொத்தான் டப்பாவைத் திறந்து, வழக்கம்போல அவனுடைய தட்டில் கலந்துவிட இன்னொரு போல்ட்டைத் தேடினாள்.

இந்த முறை பெரியதாகவே எடுத்தாள். இன்னும் இரண்டு மாதம் தாங்கும்.