புளியமரத்து முடிச்சு

உழவர்கரைப் புளியமரம் ஒன்றின் உச்சியில், பெயின்ட் டப்பாக்களில் கஞ்சாச் செடி வளர்வதாகப் போலீசுக்குத் தகவல் வந்தது. அவ்வளவு உயரம் ஏறக் காவலர்களால் முடியவில்லை. கள் இறக்கும் கோவிந்தசாமியை எஸ்.ஐ. வரவழைத்தார்.

"ஏறி, எல்லாத்தையும் அவுத்து எறக்குய்யா."

ஏறியவர், முதல் டப்பாவைக் கிளையோடு பிணைத்திருந்த கயிற்றைக் கண்டதும் உறைந்துபோனார். கள்ளுப்பானை கட்டுவதற்கு அவருடைய தந்தை கற்றுத்தந்த முடிச்சு அது. அதை அவர் தம் மகன் கமலக்கண்ணனுக்கு மட்டுமே கற்றுத்தந்திருந்தார்.

"இன்னாய்யா, மேலயே குடியிருக்கப் போறியா?"

கோவிந்தசாமி வெறுங்கையோடு இறங்கினார். குஞ்சுகளைக் காக்கச் சிறகொடிந்ததுபோல் நடித்து, வேடனைத் தன் பின்னே இழுக்கும் ஆட்காட்டிப் பறவையைப் போல, எஸ்.ஐ.யிடம் இரு கைகளையும் நீட்டினார்.

"நான்தான் சார் வச்சேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார்.

"காலையில பொட்டலத்தோட மாட்டுன உம் புள்ள, எல்லாம் எங்கப்பன் வளக்கறதுன்னு சொன்னான். நான் நம்பல. அதான் உன்னையே ஏத்திப் பாத்தேன்."

கோவிந்தசாமி ஒருமுறை மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எம் புள்ள பொய் சொல்ல மாட்டான் சார்" என்றார்.