தேக்கிலைக் கடிதம்

வேங்கை மரத்து அணில், பள்ளத்து முயலுக்குத் தேக்கிலையில் பல்லால் கடித்துக் கடிதம் எழுதும். எவ்வளவு பசி எடுத்தாலும் அந்த இலைகளை மட்டும் முயல் தின்னாது. வளைக்குள் அடுக்கி வைத்திருந்தது.

ஒரு காலையில் வாசலில் ஓர் இலை கிடந்தது.

"அன்பிற்குரிய முயலே, ஆற்றங்கரையில் மிகவும் சுவையான கிழங்குகள் ஏராளமாக விளைந்திருப்பதால், தாமதமின்றி உடனே புறப்பட்டு வரவும். இப்படிக்கு, அணில்."

பக்கத்து வளை முள்ளம்பன்றிக்கு எச்சில் ஊறியது. "கிளம்பு, போகலாம்."

"இது அணில் எழுதினதில்லை," என்றது முயல்.

"பேர் போட்டிருக்கே. பல் தடம்கூட அதே மாதிரிதான் இருக்கு."

"சுவையான கிழங்குன்னு அணில் சொல்லாது. கடிச்சா மூக்குல மண்வாசனை ஏறுதுன்னு சொல்லும். இப்படி மூச்சுவிடாம நீட்டாது. கிளைக்குக் கிளை தாவுற மாதிரி நின்னு நின்னு போகும். என்னை 'வரவும்'னு அது ஒருநாளும் அதட்டினதில்லை."

முள்ளம்பன்றி முணுமுணுத்துக்கொண்டே பசியோடு படுத்துவிட்டது.

சாயங்காலம் காற்றில் இன்னோர் இலை வந்து விழுந்தது.

"ஆத்தங்கரைப் பக்கம் வராதே, குண்டா. காட்டுப்பூனை உட்கார்ந்திருக்கு. காலையிலேர்ந்து. வாலில் எறும்பு ஏறுது, அசைய மாட்டேங்குது. எனக்கே பாவமா இருக்கு."

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. அது இரண்டாம் தரமும் படித்தது. இந்தத் தடவை அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"பேர் போடலையே," என்றது.

முயல் அந்த இலையை வாங்கி அடுக்கின் மேல் வைத்தது.

"எதுக்குப் போடணும்?"