இரண்டாவது நாற்காலி

"டீச்சர், நீங்க வாயைத் திறந்தா ஆட்டம் செல்லாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் சலூன் முதலாளி.

டீச்சர் தலையாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூளையில் அடிபட்டவர்களைத் தேற்றி, பழைய வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. பேசாமல் இருப்பது மட்டும் அவளுக்கு வராத வேலை.

நிபந்தனை எளிமையானது. கத்திரி அண்ணன் இன்றைக்கு ஒரே ஒரு தலைக்கு முடி வெட்ட வேண்டும். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வந்தவர் குறை சொல்லாமல் இறங்கிப் போனால் இரண்டாவது நாற்காலி மறுபடியும் அவருடையது. குறை சொன்னால், நாளையிலிருந்து வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டியதுதான்.

முதலாளி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கத்திரி அண்ணனின் மைத்துனர்தான். ஆனாலும் உறவு வேறு, கடை வேறு என்பதில் கறாராக இருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் கத்திரி அண்ணனுக்கு மண்டையின் வலது பக்கத்தில் அடி. ஆபரேஷன் செய்து பிழைத்து எழுந்தார். கை நடுங்கவில்லை, கண்ணில் பழுதில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்குது என்பார். மனைவி தட்டைத் திருப்பி வைத்தால், இதை எப்ப வச்சே என்று அசந்துபோவார்.

டீச்சர் இரண்டு மாதம் விடாமல் பழக்கினாள். பயிற்சி நிலையத்துக் கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டேப் ஒட்டினாள். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வெட்டு. பொம்மைத் தலைகள் தேறின. பிறகு, பாவம், அவருடைய மூன்று சித்தப்பா மகன்களின் தலைகளும் தேறின.

நேற்று மாலை சலூன் கண்ணாடியிலும் அதே டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். இன்று காலை கடையைப் பளபளவென்று துடைத்த முதலாளி, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை உரித்துப் போட்டுவிட்டார்.

டீச்சர் அதைக் கவனித்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் நாற்காலியில் ஏறியிருந்தார். துணி போர்த்தி, கத்திரியும் ஓட ஆரம்பித்திருந்தது.

அது ஓடிய அழகைப் பார்க்க வேண்டுமே. முதலாளியே தன் வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். வலது பக்கம் முடிந்தபோது, இப்படி வெட்ட அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இடது பக்கம் அப்படியே புதராக இருந்தது.

கத்திரி அண்ணன் கத்திரியைக் கீழே வைத்தார். பிரஷ்ஷை எடுத்தார். முகமெல்லாம் திருப்தி.

டீச்சர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். டேப்பை உரித்தது யார் என்பது அவருக்கும் தெரியும்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கத்திரி அண்ணன் செய்தது டீச்சர் சொல்லிக்கொடுத்தது இல்லை. அது பதினெட்டு வருடப் பழக்கம். முகத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிடுவதற்காக நாற்காலியைச் சர்ரென்று தன் பக்கம் திருப்பினார்.

வந்தவரின் இடது பக்கம் இப்போது அவருக்கு வலது கைப் பக்கமாக வந்து நின்றது.

பிரஷ் அந்தரத்தில் நின்றது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. மெல்லப் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கத்திரியை எடுத்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க. இந்தப் பக்கம் இப்பதான் கடைக்கு வந்திருக்கு."

கத்திரி மறுபடியும் ஓடியது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வந்தன. டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. பயிற்சி நிலையத்தில் சுற்றாத நாற்காலியைப் போட்டுவிட்டு டேப்பை நம்பிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"சார், நடுவுல கொஞ்சம் குளறுபடி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காம சொல்லுங்க. ஏதாவது குறை உண்டா?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். கத்திரி அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தார்.

வந்தவர் இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"இவர் வீட்டம்மா போன வாரம் ஆஸ்பத்திரியில சொன்னாங்க, இன்னைக்குக் கடைக்கு வர்றார்னு. தலை ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு அங்க முடி மழிக்கிறது நான்தான். இவரைக் கொண்டுவந்த அன்னைக்கு இருந்த அவசரத்துல இவருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் மழிச்சு உள்ள அனுப்பினேன்" என்றார். "இவர் ஒரு வார்த்தை குறை சொல்லலையே. நான் மட்டும் எப்படிச் சொல்றது?"