வாசலின் இடப்பக்கம்

பாலித் தீவில் அப்போதெல்லாம் எளியவர் வீட்டில் ஆணும் பெண்ணும் இரட்டையாகப் பிறந்தால், வீட்டைக் கொளுத்திப் பெற்றவர்களைச் சுடுகாட்டோரம் துரத்துவார்கள். கெர்த்தாவின் முற்றத்தில் தீப்பந்தங்கள் காத்திருந்தன. ஊர்த்தலைவர் உள்ளே போய் இரண்டு குழந்தைகளின் துணியையும் விலக்கிப் பார்த்தார். மெதுவாக மூடினார். பெற்றவள் அவர் காலைப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்தவர், "ரெண்டும் பொண்ணுதான். போய் வேலையப் பாருங்க" என்றார். பந்தங்களை வாய்க்காலில் முக்கி அணைப்பதில்தான் ஊருக்கு எத்தனை அவசரம்!

ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியை வாசலுக்கு வலப்பக்கமும் பெண்ணுடையதை இடப்பக்கமும் புதைப்பது வழக்கம். கெர்த்தா மகிழ்ச்சியில் அழுதுகொண்டே வலப்பக்கம் மண்வெட்டியை ஓங்கினான். தலைவர் அந்த இடத்தில் தன் காலை வைத்தார்.

"இடப்பக்கம் தோண்டுப்பா. ரெண்டையும் அங்கேயே."