பொருந்தாத எண்

"தங்கச்சி, உங்கட சேர்வர் எழும்பேல்லையெல்லோ?"

தொலைபேசியில் தமிழ் கேட்டதும் தேனுஜா திகைத்தாள். வுப்பர்டாலில் அந்தச் சிறிய அலுவலகத்தின் கணினிகள் அவள் பொறுப்பு. காலையில்தான் டுசல்டோர்ஃபில் உள்ள பராமரிப்பு நிறுவனத்துக்கு அழைப்பு எடுத்து, ஆள் இல்லாததால் குரல் பதிவுக் கருவியில் முறைப்பாடு சொல்லியிருந்தாள்.

"ஓம். நீங்கள்?"

"சோதிலிங்கம். கொம்பனியில இருந்து கதைக்கிறன். என்ன காட்டுது?"

"பேர்ப் பட்டியல் சேர்வர், அண்ணை. செக்சம் பிழை எண்டு வருது."

சேர்வரின் அமைப்புக் கோப்பின் தலைப்பில் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. சேர்வர் கோப்பை ஏற்காது.

"ஆரோ கையால மாத்தியிருக்கினம், அண்ணை. ஒரு வரி புதுசாக் கிடக்கு."

"அது தூரத்தில இருந்து நாங்கள் உள்ள பாக்கிறதுக்கு நேற்றுப் போட்டது. எண்ணை மாத்த மறந்திட்டம். வரியைத் தொடாதேங்கோ. எண்ணை மட்டும் திரும்பக் கணக்குப் பாத்துப் போடுங்கோ."

யன்னலுக்கு வெளியே, வுப்பர்டாலுக்கே பேர்போன தொங்கு ரயில் கடகடத்துப் போனது. அதே கடகடப்பு தொலைபேசிக்குள்ளும் கேட்டது. எதிரொலியாக்கும் என்று நினைத்தாள்.

"பொறுப்பாளரைக் கேட்காமச் செய்ய ஏலாது, அண்ணை."

"அவ இண்டைக்கு லீவெல்லோ?" குரலில் அவசரமே இல்லை. "பத்து மணிக்கு எல்லாரும் பட்டியலைத் தேடுவினம். உங்களைத்தான் ஏசுவினம்."

அவளுக்கு வேலை நிரந்தரமாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை. எண்ணைக் கணக்கிட்டாள், பழையதை அழித்துப் புதியதை எழுதினாள். பிழைச் செய்தி மறைந்தது.

"எழும்பிட்டுது அண்ணை! பெரிய உதவி."

"பொறுங்கோ, வேலை செய்யுதோ எண்டு பாப்பம்." மறுமுனையில் விசைகள் தட்டுப்பட்டன. "கமலநாயகி... ஓம், இஞ்ச தெரியுது. பதினேழாம் நம்பர், மூண்டாம் மாடி."

நீண்டதொரு மூச்சு கேட்டது.

"நாலு வருசமாத் தேடினனான், தங்கச்சி."

தொடர்பு அறுந்தது. தேனுஜா தொலைபேசியை வைத்ததுமே மணி மறுபடி அடித்தது. இம்முறை ஜெர்மன் மொழியில் ஒரு பெண் குரல்:

"டுசல்டோர்ஃப் பராமரிப்பு நிறுவனம். மன்னிக்கவும், உங்கள் முறைப்பாட்டை இப்போதுதான் கேட்டோம்."

தேனுஜா திரையில் திறந்து கிடந்த பட்டியலைப் பார்த்தாள். கணவன்மாருக்குப் பயந்து ஓடிவந்த பெண்களின் மறைவிட முகவரிகளைத் தவிர அந்தப் பட்டியலில் வேறொன்றும் இல்லை.