நாள் முந்திய கன்று

சன்னாசியின் செவலைப் பசு, குறித்த நாளுக்கு இருபது நாள் முன்னாலேயே கன்று போட்டுவிட்டது. கன்று அன்றைக்கே செத்துப்போனது. சன்னாசி அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கியது. பால் சுரந்தது.

"ஏன்டா, நீ குடிக்கவே மாட்டேங்கிறே?" என்று பசு தினமும் கேட்டது.

"நாளுக்கு முந்தி வந்துட்டேன்லம்மா. என் நாள் வரட்டும், குடிக்கிறேன்" என்றது வைக்கோல் கன்று. வேறு என்ன சொல்வதென்று அதற்குத் தெரியவில்லை.

பசு ஒவ்வொரு விடியலாக எண்ணிக்கொண்டு வந்தது. அந்த நாளும் வந்தது. சன்னாசி செம்போடு வந்து உட்காரும் முன்பே மடியிலிருந்து பால் சொட்டியது.

"இன்னிக்குத்தான்டா உன் நாள். வா, வந்து குடி."

இத்தனை நாள் நக்கியதில் கன்றின் கழுத்துத் தையல் விட்டுப்போய், உள்ளிருந்த வைக்கோல் வெளியே வந்திருந்தது.

காலையிலிருந்து பசு ஒன்றும் தின்றிருக்கவில்லை. ஆனாலும் அந்த வைக்கோலைத் தின்னாமல், நாக்கால் மெல்ல உள்ளே தள்ளியது.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலிருக்கு. உனக்கு இன்னும் நாள் இருக்குடா" என்றது.